சாவிக்குப் போட்ட பூட்டு

மார்ச் 3

ஆய்வுக்கூடத்துக்குப் புது சர்வர் வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவுகளை நோயாளிகளும் மருத்துவமனைகளும் இருந்த இடத்திலிருந்தே பார்க்க ஒரு இணையதளம். இது ஒழுங்காக ஓடினால்தான் அடுத்த வருட வேலையும் எங்களுக்கு, அதாவது எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும். வலை சர்வர், அதன் பாதுகாப்புப் பகுதி, பக்கங்களை உருவாக்கும் ஸ்கிரிப்ட் ஓட ஒன்று — எல்லாவற்றையும் தயாராகக் கிடைக்கும் பேக்கேஜாக இறக்கிப் போட்டாயிற்று. "அவ்வளவுதான் மாமா, முடிஞ்சுது" என்கிறான் மச்சான். இவ்வளவு சுலபமாக முடிகிற எதையும் நான் நம்பியதில்லை.

மார்ச் 5

நேற்று ஓடிய பக்கம் இன்று ஓடவில்லை. ஸ்கிரிப்ட் வேலை செய்யாமல் அதன் எழுத்துகள் அப்படியே திரையில் கொட்டுகின்றன, தரவுத்தளத்தின் கடவுச்சொல் உட்பட. தளம் வெளியே திறந்திருந்தால் மானம் கப்பலேறியிருக்கும். ஸ்கிரிப்ட் பேக்கேஜை மறுபடி போட்டுச் சரிசெய்தேன். ஆனால் கெடுத்தது யார்? அந்த மெஷினுக்குள் போகக் கூடியவர்கள் நாங்கள் இருவர்தான். "நீ கை வச்சியா?" என்றேன். "இல்லையே மாமா." முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

மார்ச் 6

மச்சானும் ஆய்வுக்கூட டாக்டரம்மாவும் படிக்கட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறானோ? வீட்டில் சொன்னேன். "அவன் என் தம்பி. சந்தேகப்படுறதா இருந்தா என்னையும் சேர்த்துப் படுங்க" என்றாள் மனைவி.

அதையும் யோசித்துப் பார்த்தேன்.

மார்ச் 7

தளத்தின் பாதுகாப்புப் பகுதி கிளம்பும்போது படிக்கிற ரகசியச் சாவி என்று ஒரு கோப்பு உண்டு; அதற்குக் கடவுச்சொல் போட்டுவிட்டேன். இனி அதைத் தட்டாமல் தளம் கிளம்பாது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 14

தளம் திறந்தாயிற்று. எவனும் கை வைக்கவில்லை. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான்.

மார்ச் 19

எப்படி எழுதுவது. பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். போனை அணைத்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் கரண்ட் போய் வந்திருக்கிறது. சர்வர் எழுந்து, கடவுச்சொல் கேட்டு, அப்படியே நின்றுவிட்டது. மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு அவசர அறுவை சிகிச்சை, ரத்த முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். கடைசியில் முடிவைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு மச்சானே அங்கே ஓடியிருக்கிறான். குழந்தை பிழைத்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா முன்னால் அவன் தலைகுனிந்து நின்றான். "அந்தக் கடவுச்சொல்லை நான்தான் மேடம் போட்டேன். மறந்துட்டேன். மாமா சரிபண்ணிடுவார்." நான் கடவுச்சொல்லைத் தட்டினேன். தளம் எழுந்தது. வாயே திறக்கவில்லை நான் — மரத்துப் போயிருந்ததாம், சாக்கு வேறு.

வெளியே வந்து ஏன் பொய் சொன்னாய் என்றேன். "உங்க வேலை போனா அதுக்கும் என்னைத்தானே சந்தேகப்படுவீங்க." படிக்கட்டில் அன்று பேசியது? "நீங்க நிதானமா சரிபார்க்கணும், தளத்தைத் திறக்க இன்னும் கொஞ்சம் நாள் வேணும்னு கேட்டேன்."

மார்ச் 20

பேக்கேஜ்களைக் கிளறிப் பார்த்தேன். நான்காம் தேதி ராத்திரி வலை சர்வரை மட்டும் புதுப்பித்தது நான். ஸ்கிரிப்ட் பேக்கேஜ் அதனோடு பொருந்தாமல் கழன்றிருக்கிறது. சே. நானேதான்.

டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இனி பொறுப்பு மச்சானுடையது, அவன் சம்மதித்தால் நான் இருக்கலாம் என்றார்.

மார்ச் 23

மச்சான் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தான். சாவியின் கடவுச்சொல்லை நீக்கினான். சர்வரை நிறுத்திக் கிளப்பிப் பார்த்தோம். பிறகு டீ வாங்க எழுந்து போனான். நான் தண்ணீர் குடிக்கப் போனால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுவேன். அவன் பூட்டவில்லை.