சிவப்பியின் பங்கு

பக்கத்து வீட்டு மருமகள் கொள்ளு அவித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். சளிக்கு நல்லதாம். மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியில் நீதான் வந்தாய். கொட்டிலுக்குப் பக்கத்து அடுப்படியில் குந்தியிருந்து, ஒரு கொள்ளை விரலால் நசுக்கிப் பதம் பார்த்து, "உங்கடை மகாராணிக்குச் சாப்பாடு தயார்" என்று சொல்கிற நீ. எனக்கு எழுத்துத் தெரியாது. உனக்கும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்த மருமகள் பிள்ளைதான் எழுதுகிறாள். செத்துப்போன மனுசிக்குக் கடிதமா என்று அவள் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

அந்த மகாராணி, நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் ஏற்றி வந்த மட்டக்குதிரை. வாடகை வண்டி இழுக்கவென்று உன் காப்பை விற்று வாங்கினோம். செம்பட்டை நிறத்தைப் பார்த்து, உன் தகப்பன் வீட்டுப் பசுவின் பெயரையே வைத்தாய், சிவப்பி என்று. வாங்குவதைவிட வைத்திருப்பதுதான் கஷ்டம் என்பது முதல் மாதமே விளங்கிவிட்டது. அப்போதுதான் நீ நாலு தேங்காய்ச் சிரட்டைகளைச் சுரண்டி மினுக்கி, கொட்டில் கூரை வளையில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டாய். கொள்ளுக் காசுக்கு ஒன்று, புல்லுக்கு ஒன்று, லாடத்துக்கு ஒன்று. நாலாவது மாரிமழைக் காலத்துக்கு. "மாரியிலை வண்டி நிக்கும். அவளின்ரை வாய் நிக்குமோ?" என்று கேட்டாய்.

நம்மூர்த் திருநெல்வேலிச் சந்தைக்கும் ரயிலடிக்கும் ஓடிவிட்டு நான் வந்து மடியை அவிழ்த்தால், சில்லறை முதலில் சிரட்டைகளுக்குப் போகும். மிஞ்சுவதுதான் நமக்கு. நல்லூரில் கொடியேறினால் சிரட்டை நிறையும், நம் சட்டியிலும் மீன் இருக்கும். மற்ற நாட்களில் "அவள் திண்டால்தான் நடப்பாள். அவள் நடந்தால்தான் நாங்கள் தின்னுவம்" என்று சொல்லிக் கஞ்சியை ஊற்றுவாய். ஒருநாள் சுருட்டு வாங்க லாடச் சிரட்டையிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டேன். சிரட்டையை ஆட்டிப் பார்த்தே கண்டுபிடித்தாய்.

"இதிலை கை வைச்சது ஆர்?"

"நான்தான். ஒரு சுருட்டுக்கு."

"அப்ப அடுத்த முறை அந்தச் சுருட்டை அவளின்ரை காலிலை அடியுங்கோ."

பிறகு பலாலி வீதியில் பஸ் வந்தது. குதிரை வண்டி ஆடுகிறது, நாறுகிறது என்று சனம் அதில் ஏறிப் போனது. சிரட்டைகள் காற்றுக்கு ஆடத் தொடங்கின. நீ ஒரு நேரச் சாப்பாட்டை விட்டாய், விரதம் என்றாய். எந்தச் சாமிக்கு இத்தனை விரதம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சிவப்பியை விற்கவேண்டிய பேச்சு வரும். விற்றால் வண்டியும் இல்லை, நாமும் இல்லை.

உலகச் சண்டைக் காலம் வந்ததும் எல்லாம் தலைகீழானது. பெற்றோல் இல்லை, பஸ்கள் நின்றன. பஸ்ஸில் போன சனமெல்லாம் திரும்பி வந்து வண்டிக்குக் காத்து நின்றது. நாலு சிரட்டையும் நிறைந்து, நீ ஒரு மண்சட்டியும் வைத்தாய். ஆனால் கடலுக்கு அக்கரையிலிருந்து கப்பலில் வரும் கொள்ளு நின்றுபோயிற்று. காசை நீட்டினால் கடைக்காரர், "அண்ணை, இனி உந்தக் காசைத்தான் அவிச்சுக் குடுக்கவேணும்" என்று சிரித்தார்.

நீ தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அன்று பின்னேரமே பனையோலையைக் கிழித்துக் குவித்தாய், பிண்ணாக்கை ஊறவிட்டாய். "எங்கடை ஐயா இப்பிடித்தான் பசு வளர்த்தவர். குடம் குடமாய்ப் பால் தந்தது" என்றாய். எனக்கும் அது சரியாகவே பட்டது. மாடு தின்பதைக் குதிரை தின்னாதா? சிவப்பி பசியில் வழித்துத் தின்றாள். கொள்ளுச் சிரட்டையில் கை வைக்காமலே அந்தக் கிழமை போனது. "இவ்வளவு காலமும் வீண் செலவெல்லோ செய்திருக்கிறம்" என்று சொல்லி நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கண்டதுமில்லை, அதற்குப்பின் கண்டதுமில்லை.

ஒருநாள் விடிய அவள் திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள். வயிறு பறைபோல ஊதியிருந்தது. விழுந்து புரண்டாள், எழும்பினாள், மறுபடி விழுந்தாள். உன் ஐயா பசுவுக்குப் பருக்குவதுபோல இஞ்சியும் பெருங்காயமும் கரைத்து மூங்கில் குழலால் பருக்கினாய். லாடம் அடிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு நான் வந்து சேர்ந்தபோது அவளுடைய தலை உன் மடியில் கிடந்தது. மூச்சு இல்லை. நீ கிழித்துப் போட்ட ஓலையையும் பிண்ணாக்கையும் அவர் பார்த்தார். "மாடு திரும்ப எடுத்து அசைபோடும், பிள்ளை. குதிரைக்கு அது ஏலாது. உள்ளுக்குப் போனது போனதுதான்" என்று மெல்லச் சொன்னார். நீ அழவில்லை. சீலையில் ஒட்டியிருந்த ஓலைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாய்.

சிரட்டைகளை நீ இறக்கவில்லை. வேறு குதிரை வாங்க அந்தக் காசு காணாது. வேறு எதற்கும் எடுக்க நீ விடவும் இல்லை. அடுத்த மாரியில் நீ நோயில் படுத்தாய். வைத்தியத்துக்குப் பரியாரியாரைக் கூப்பிட, சிரட்டை தொங்கிய வளைக்குக் கை நீட்டினேன். "அது அவளின்ரை. தொடாதையுங்கோ" என்றாய். தொட்டேன். முதலில் மருந்துக்கு, பிறகு சுடலை விறகுக்கு. விறகுக்குச் சரியாகக் காணும்படி சேர்த்து வைத்திருந்தாய்.

இப்போதும் அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்க்கிறேன். ஓலையைக் குறைத்திருந்தால், வெறும் புல்லைப் போட்டு வண்டியை நிறுத்தியிருந்தால், பஸ் வந்த அன்றே விற்றிருந்தால். எந்தப் பக்கத்தால் போட்டாலும் ஒன்றில் அவள் சாகிறாள், இல்லாவிட்டால் நீ இன்னும் முந்திச் சாகிறாய். மூன்று பேரும் இருக்கிற கணக்கு ஒன்றும் எனக்கு வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.

கொள்ளு ஆறுகிறது, சாப்பிடுங்கோ என்கிறாள் எழுதுகிற பிள்ளை. கையை வைத்தேன். வாய்க்குப் போகமுன் கை தன்பாட்டில் ஒரு பிடியை அள்ளித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டது. முதல் பங்கு அவளுக்கு என்று நீ பழக்கிய கை. ஒதுக்கியதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்றுதான் தெரியவில்லை.