காது அடைப்பானைச் சோதித்துப் பார்த்த விவரம்

பாப்பாவுக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன், அங்கே நீயும் உன் வலது காதும் இடது காதும் எப்படி என்று மூன்று பேரையும் தனித்தனியாக விசாரித்ததாக வைத்துக்கொள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு அப்போதே தெரியும். கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடைக்கு லைட் போடுகிற வேலை கிடைத்திருக்கிறது என்று நீ பெட்டி கட்டினாயே, அன்றைக்கே பஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, எல்லாரும் கண்ணைப் பார்த்துக்கோ என்பார்கள், நான் சொல்கிறேன், காதைப் பார்த்துக்கோ என்று சொன்னேன். அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்று நீ சாதிப்பாய். பஸ் உறுமிக்கொண்டிருந்தது, உனக்குக் கேட்டிருக்காது, அதற்கு நான் என்ன செய்ய. சொன்னது சொன்னதுதான்.

போன வாரம் போனில் வெயில் மழை எல்லாம் பேசி முடித்து வைக்கப்போகும்போது, சித்தப்பா, போன கச்சேரியில ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே நின்னுட்டேன், அப்போலேர்ந்து இடது காதுல ஙொய்னு ஒரு சத்தம், ஒண்ணுமில்ல, தானா போயிடும் என்றாய். ஒன்றுமில்லாத விஷயத்தை யாரும் கடைசியில் சொல்வதில்லை பாப்பா. உன் அப்பா, என் அண்ணன், நெஞ்சு கனமாக இருக்கிறது என்பதைக்கூடக் குடையைத் தேடிக்கொண்டே சொன்னவர். மறுநாள் கடையில் ஒரு வீட்டுச் சாவியை இரண்டு தடவை தப்பாக அறுத்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் மயிரிழை பிசகாத கை இது, உனக்குத் தெரியும், இந்தத் தெருவுக்கே தெரியும். அந்தக் கை பிசகியது என்றால் மனசு எங்கே இருந்தது என்று நீயே பார்த்துக்கொள். அடைப்பான் வைத்துக்கொள்ளேன் என்று நான் சொன்னதற்கு நீ சொன்ன பதிலும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மேலே லைட் மாட்டுகிற கம்பத்தில் இருப்பவர்கள் இரும்புச் சட்டத்தை இறக்கும்போது கத்தித்தான் கீழே இருப்பவர்களை விலக்குவார்களாம், காதை அடைச்சுக்கிட்டா அது கேக்காது, காது பொழைக்கும், மண்டை போயிடும் சித்தப்பா என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. லைன் சரியில்லை என்று நீ நினைத்திருப்பாய். வருகிற வாரம் மைதானத்தில் பெரிய கச்சேரி என்றாயே, அதற்குள் இந்தப் பார்சல் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் கடையை அரை நாள் சாத்திவிட்டு அலைந்தேன்.

காதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒரு காது டாக்டர் காருக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிவிட்டு நடுரோட்டில் முழித்துக்கொண்டிருந்தபோது ஒரே கம்பியில் திறந்துவிட்டவன் நான். அவர் அங்கேயே என் கையைப் பிடித்துக்கொண்டு காதின் சூட்சுமம் முழுவதையும் சொன்னார், நீங்க படிச்சிருந்தா எங்க பொழப்பு போயிருக்கும் என்றும் சொன்னார். உள்ளே புல் மாதிரி நுண்ணிய முடிகள் இருக்கின்றனவாம், அவைதான் சத்தத்தை வாங்குமாம், பெரிய சத்தம் வந்தால் மிதிபட்டுப் படுக்குமாம். ஒரு தரம் மிதித்தால் எழுந்தாலும் எழும், திரும்பத் திரும்ப மிதித்தால் செத்துவிடும், செத்தது மறுபடி முளைக்காது. ஙொய் என்கிற சத்தம் அந்தப் புல் போடுகிற கூப்பாடு. பஞ்சு போதும் என்று உன் கூட வேலை செய்கிற யாரோ சொன்னதாகச் சொன்னாயே, அவர்களிடம் கேள், மழைக்குச் சல்லடை பிடிப்பார்களா என்று. பஞ்சால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நம் தெருமுனையில் கிடார், டிரம்ஸ் விற்கிற கடை இருக்கிறதே, அங்கே இருக்கிற பெண்ணிடம் போனேன். முன்பே எனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சின்னப் பெண் மனம் கோணக்கூடாதே என்று எல்லாவற்றையும் சொல்லவிட்டுக் கேட்டேன். ஒன்று ஸ்பாஞ்சில் செய்தது, விரலால் உருட்டி ஒல்லியாக்கி, காதை மேலே பின்னால் இழுத்துக்கொண்டு உள்ளே விட்டு, அது ஊதிப் பெருக்கிற வரை விரலை எடுக்காமல் பிடிக்க வேண்டும். சத்தத்தை நன்றாகக் குறைக்கும், ஆனால் பாட்டு பக்கத்து வீட்டுக் குளியலறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கும், பேச்சும் முணுமுணு என்று ஆகிவிடும். இன்னொன்று ரப்பர் மாதிரி மெத்தென்று, குடைக்கு மேல் குடை கவிழ்த்த மாதிரி அடுக்காக இருக்கிறது, நடுவில் சத்தத்தை வடிகட்டுகிற குட்டிக் குழாய். பாட்டுக்காரர்கள் இதைத்தான் வைத்துக்கொள்வார்களாம், உறுமலையும் கீச்சையும் ஒரே அளவாகக் குறைக்கிறது, அடைப்பதில்லை. பெட்டியின் மேல் எவ்வளவு குறைக்கும் என்று எண் போட்டிருக்கிறது, பெரிய எண்ணாகக் கொடு என்றேன். பெரிசு எப்பவும் நல்லதில்ல சார், எதுவுமே கேக்கலைன்னா கழட்டிப் பாக்கெட்டுல போட்டுருவாங்க, காதுல இருக்கிறதுதான் காப்பாத்தும் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவளை மெச்சிவிட்டேன், என் கடைக்கு வந்தால் சாவி இலவசம் என்று சொல்லியிருக்கிறேன்.

அளவு விஷயத்தில் மட்டும் அவளுக்கே நான் சொல்லிக்கொடுத்தேன். ஒரே கம்பெனிப் பூட்டு, ஒரே நாளில் செய்தது, ஆனாலும் இதன் சாவி அதற்குச் சேருமா? சேராது. அப்படியிருக்க உன் இரண்டு காதும் ஒரே துளை என்று எந்த மடையன் சொன்னான்? ரப்பரில் சின்ன அளவு ஒரு ஜோடி, பெரிய அளவு ஒரு ஜோடி, இரண்டும் வைத்திருக்கிறேன், ஒரு காதுக்கு இதுவும் மறுகாதுக்கு அதுவும் சேர்ந்தாலும் வெட்கப்படாதே, அங்கே யாரும் டார்ச் அடித்துப் பார்க்கப் போவதில்லை. வலிக்கிற மாதிரி திணிக்காதே, திணித்த சாவி பூட்டையும் கெடுக்கும். சரியாக உட்கார்ந்தால் உன் குரலே குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும், அதுதான் அடையாளம். குட்டி டப்பா ஒன்றும் கூட வருகிறது, அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள், வளையம் நான் போட்டது, யானை இழுத்தாலும் பிரியாது. வேலை முடிந்ததும் மெல்லிய சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவை, அடுத்தவருக்கு இரவல் கொடுக்காதே.

வாங்கினேன் அனுப்பினேன் என்று விடுகிற ஆள் நானில்லை என்பது உனக்குத் தெரியும். எந்தச் சாவியையும் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்க்காமல் நான் கொடுத்ததில்லை. நம் ஊர் அரங்கத்தில் இளவட்டங்களின் கச்சேரி ஒன்று நடந்தது, அதற்கு நானும் தையல்காரரும் போனோம். அதே தையல்காரர்தான், என் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர், நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் துண்டுத் துணிக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாயே அவர். அரங்கத்து மானேஜரின் அறைப்பூட்டை நான்தான் சரிசெய்தேன் என்பதால் ராஜ மரியாதையோடு முதல் வரிசையில் ஸ்பீக்கருக்கு நேரே உட்காரவைத்தார்கள். ஆரம்பித்ததும் சட்டைப் பொத்தான் நடுங்குகிறது, நாற்காலி நடுங்குகிறது, பின்னால் ஒருவர் பல் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டார். நான் மட்டும் எனக்கென்று தனியாக வாங்கிய ஸ்பாஞ்சை ஒரு பாட்டுக்கு, ரப்பரை ஒரு பாட்டுக்கு மாற்றி மாற்றி வைத்து ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ரப்பர்தான் ஜெயித்தது, பாட்டு பாட்டாகவே இருந்தது, மிதிக்கிற சத்தம் மட்டும் இல்லை. முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அதை வைத்துக்கொண்டிருக்கும்போதே தையல்காரர் பக்கத்தில் குனிந்து, யோவ் சாவி, டிரம்ஸ் அடிக்கிற பையன் தோள்பட்டையில தையல் விட்டிருக்கு பாரு, பாட்டு முடியறதுக்குள்ள கை தனியா கழண்டு வந்துடும் என்றார். ஒரு எழுத்து விடாமல் கேட்டது. இந்த வயசுல உனக்கு எதுக்குய்யா காதுல குடை, உள்ள என்ன மழையா பெய்யுது என்றார், அதுவும் கேட்டது. ஆகவே மேலேயிருந்து யார் கத்தினாலும் உனக்குக் கேட்கும், சித்தப்பா சோதித்துவிட்டேன், இனி நீ சாக்குச் சொல்ல முடியாது.

இங்கே புதுச் சேதி ஒன்றுமில்லை. வீட்டுக் குழாய் சொட்டுகிறது, மாற்றவேண்டும், ஆனால் அந்தச் சத்தமும் இல்லாவிட்டால் வீடு ரொம்பக் கம்மென்று இருக்கும் என்று விட்டுவைத்திருக்கிறேன். உன் அறையில் ஜன்னலைத் தினம் திறந்து மூடுகிறேன். ஸ்பீக்கருக்கு நேரே நிற்காதே, நடுநடுவே வெளியே போய்க் காதுக்கு ஓய்வு கொடு, இந்தக் கடிதம் வரும்போதும் ஙொய் சத்தம் இருந்தால் தானாகப் போகும் என்று உட்காராமல் நல்ல காது டாக்டரைப் பார். நீ எந்த ஊரில் லைட் போட்டாலும் அந்த வெளிச்சம் உன் மேலும் விழட்டும், நீண்ட ஆயுளோடு, கேட்கிற காதோடு நன்றாக இரு.

மடித்து உறையில் போட்டுவிட்டேன் பாப்பா, மறுபடி எடுத்து எழுதுகிறேன். மற்றதை எல்லாம் பாதி தள்ளிப் படித்தாலும் பரவாயில்லை, பல் செட்டுக்காரரைக் கோடு போட்டு அடித்துவிடு, டாக்டர் கையைப் பிடித்ததையும் அடித்துவிடு, ஆனால் உன் தலைக்கு மேல் இரும்பு தொங்குகிற இடத்தில் நான் கதை விடக்கூடாது. தையல்காரர் கச்சேரிக்கு வரவில்லை. அவர் கடையைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார், வெயில் காலத்திலேயே, உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. பழக்க தோஷத்தில் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். ஆரம்பிக்கும் முன்பு ஒரு அம்மா பக்கத்து நாற்காலியைக் காட்டி, இங்க யாராவது வராங்களா என்று கேட்டார், வராங்க என்றேன். அதற்குப் பிறகு முடிகிறவரை அதில் என் பைதான் உட்கார்ந்திருந்தது. அவர் வந்திருந்தால் அந்தத் தையலைப் பற்றி அதேதான் சொல்லியிருப்பார், ஆனால் சொல்லவில்லை. கடையிலும் அந்த ரப்பரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், வருகிறவர்கள் சாவியை நீட்டுகிறார்கள், வாங்கிக்கொண்டு போகிறார்கள், யாரும் பேசுவதில்லை. ஆகையால் பாட்டு நன்றாகக் கேட்கிறது என்பது சத்தியம், ஆள் பேசினால் கேட்குமா என்பது எனக்குத் தெரியாது. கச்சேரிக்கு முன்னால் மேடையில் சத்தத்தை ஏற்றிப் பார்ப்பார்களே, அப்போதே, மேலே எதையும் இறக்காத நேரமாகப் பார்த்து இதைப் போட்டுக்கொள், கம்பத்தில் இருப்பவர் ஒருவரைக் கத்தச் சொல், பக்கத்தில் ஒருவரைப் பேசச் சொல். கேட்டால் போட்டுக்கொண்டு வேலை செய், கேட்காவிட்டால் அதோடு கம்பத்துக்கு அடியில் நிற்காதே, உடனே எனக்குச் சொல், வேறு பார்க்கிறேன். பக்கத்தில் நின்று பேச உனக்கு அங்கே ஆள் இருக்கிறார்கள்தானே, அதையும் எழுது.

உன் சித்தப்பா,
சாவிக்கடை