சக்கரங்களை எண்ணிய என் அக்காவுக்கு

என் தமாக்காவுக்கு,

நிறைய அன்பும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெருமையும்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் அலமாரியை அம்மா இன்னும் யாரையும் தொடவிடவில்லை. கல்கத்தா மெட்ரோ டாலிகஞ்ச் வரைக்கும் வந்துவிட்டது. நம் பெஹாலாவுக்கு வழக்கம்போல டிராமும் மினிபஸ்ஸும்தான். அம்மாவை ஒருநாள் மெட்ரோவில் கூட்டிப்போனேன். சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது என்ன தெரியுமா? "ஏலே, இதுலயும் தமா செஞ்ச மெஷின் இருக்கா?" இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளாகவே புரிந்துகொண்டு, "வைக்கச் சொல்லணும்" என்றாள்.

நேற்று சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் எங்கள் சிக்னல் கேபினின் கடைசி லைனிலும் உன் கருவியைப் பொருத்திவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நம் தமிழ்ச் சங்கத்து மலரில் இது வரப்போகிறது. உன்னைச் சேலையும் பின்னலுமாக மினிபஸ்ஸில் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். நீ என்ன வேலை செய்தாய் என்று தெரிந்தவர்கள் சிலர்தான். மற்றவர்களும் காதில் வாங்கிக்கொள்ளட்டும்.

எனக்கே முதலில் புரியவில்லை. நீ எஞ்சினியரிங் முடித்து, சால்ட் லேக்கில் புதிதாகத் தொடங்கிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தாய். அப்போது அங்கே கட்டடத்தைவிடப் புல்தான் அதிகம். ரயில் சக்கரங்களை எண்ணும் கருவி ஒன்றை நீங்கள் செய்துகொண்டிருந்தீர்கள். அதற்கு நீ டிரைவர் எழுதுகிறாய் என்று சொன்னதை அம்மா பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மாஷிமாவிடம் தனக்குத் தெரிந்த வங்காளத்தில், மகள் டிரைவர் எழுதுகிறாள் என்று பெருமையடித்தாள். மாஷிமா உன் கன்னத்தைத் தொட்டு, "பொண்ணு ரயில் ஓட்டப் போறாளா? நல்லா இருக்கட்டும்!" என்று ஆசீர்வாதம் செய்தாள். நீ சிரித்த சிரிப்பில் காபி புரையேறியது.

பிறகு எனக்கு மட்டும் விளக்கினாய். நான் அப்போது இந்த யார்டில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர்.

"ஏலே சங்கரா, நீ கேபின்ல உக்காந்து ரெஜிஸ்டர் எழுதிக்கிட்டு இருக்கே. பக்கத்து ஸ்டேஷன்லேந்து மணி அடிக்கு. என்ன செய்வே?"

"பேனாவைக் கீழ வச்சுட்டு, பதில் மணி அடிப்பேன்."

"அப்புறம்?"

"விட்ட இடத்துலேந்து எழுதுவேன்."

"அதாம்ல இன்டரப்ட். அந்த மணிதான் ஒவ்வொரு சக்கரமும். மணி அடிச்ச ஒடனே ஓடிவந்து எண்ணிட்டுப் போவுதில்லா, அந்த புரோகிராம்தான் நான் எழுதுத டிரைவர்."

கருவிக்குள் ஓடிய சின்ன இயங்குதளமும் உங்கள் குழு எழுதியதுதான். விளக்கு எரிய வைப்பது, கணக்குகளை ஒப்பிடுவது, தன் உடம்பைத் தானே சோதித்துக்கொள்வது என்று அதற்கு ஓயாத வேலை. எந்த வேலையில் இருந்தாலும், சக்கரம் ஒன்று தண்டவாளத்து உணர்கருவியைத் தாண்டினால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டு அதை எண்ண வேண்டும். லைனுக்குள் போன சக்கரங்களும் வெளியே வந்த சக்கரங்களும் சரியாக இருந்தால் லைன் காலி, பச்சை. இல்லையென்றால் சிவப்பு. சிவப்பாக இருக்கும்வரை அந்த லைனுக்கான என் நெம்புகோல் பூட்டிக்கிடக்கும். இன்னொரு வண்டியை நான் நினைத்தாலும் உள்ளே விட முடியாது.

சோதனைக்கு எங்கள் கேபினையே தேர்ந்தெடுத்தார்கள். உன் கருவி ஒரு பக்கம் எண்ணிக்கொண்டிருக்கும். நாங்கள் பழையபடி ஜன்னல் வழியாகக் கடைசி வேகனைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வோம். நெம்புகோல்களை அது இன்னும் பூட்டத் தொடங்கவில்லை. மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. உன் மேலதிகாரி சக்ரவர்த்தி சார் எனக்கு ரசகுல்லா வாங்கிக் கொடுத்தார். ரயில்வே தலைமை அலுவலகத்திலிருந்து சிக்னல் அதிகாரி வந்து ஏற்றுக்கொள்ளும் நாளும் குறித்தாகிவிட்டது. அந்த ஒரு கருவியை நம்பித்தான் கம்பெனியே இருந்தது. ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் எல்லோரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

அந்த வாரத்தில் ஒரு பிற்பகல் நான் அதைப் பார்த்தேன். சரக்கு வண்டி ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. விளக்கு சிவப்பு. திடீரென்று பச்சை சிமிட்டியது. உடனே மறுபடி சிவப்பு. வெளியே என் கண்முன்னால் வேகன்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

உன்னிடமும் சக்ரவர்த்தி சாரிடமும் சொன்னேன். அவர் கையை வீசினார். "வோல்டேஜ், ஷொங்கொர்! கல்கத்தாவில் விளக்கு சிமிட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம்." அவரைக் குறை சொல்ல முடியாது. லோட்ஷெட்டிங் என்ற மின்வெட்டும் ஜெனரேட்டருமாக நாம் வாழ்ந்த காலம்.

நீ மட்டும் என்னைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டாய்.

"அந்த நேரம் ஃபேன் சுத்திச்சா?"

"சுத்திச்சுக்கா. ஒரே சீராத்தான் சுத்திச்சு."

"என்ன வண்டி?"

"தாதுமண் வண்டி. முன்னால ரெண்டு இன்ஜின். ரொம்ப நீளம்."

"லோக்கல் வண்டிக்கு இப்படி ஆயிருக்கா?"

"ஒருநாளும் இல்ல."

உன் முகம் மாறியது. "நீளமான வண்டிக்கு மட்டும்னா அது வோல்டேஜ் இல்லலே. கணக்கு. என்னோட கணக்கு" என்றாய். அடுத்த இரண்டு மூன்று நாள் வீட்டில் நீ யாரிடமும் சரியாகப் பேசவில்லை. என்ன ஓடியது அக்கா உனக்குள்? பயந்தாயா? நான் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது, அடுக்களை வாசலில் வந்து நின்றாய்.

"ஒரு டாக்ஸி மீட்டர்னு வச்சுக்கோ. மூணு எண் இருக்கு. இப்ப சைபர், ஒன்பது, ஒன்பது. நீ இடது பக்கத்துலேந்து ஒவ்வொண்ணா எழுதுதே. முதல்ல என்ன எழுதுவே?"

"சைபர்" என்றேன்.

"அடுத்த எண்ணைப் பாக்கதுக்குள்ள மீட்டர் நூறுக்குத் திரும்பிட்டு. இப்ப மிச்ச ரெண்டையும் பாத்து எழுது."

நான் யோசிப்பதற்குள் அம்மா தலை நிமிராமலே சொன்னாள்: "சைபர், சைபர். ஆக மொத்தம் ஒண்ணுமே இல்ல."

"அதாம்மா!" என்று கத்தினாய். "வண்டி முழுக்க உள்ள நிக்கு. என் புரோகிராம் ஒண்ணுமே இல்லங்கு!"

கருவிக்குள் எண்ணிக்கையை இரண்டு அறைகளில் வைத்திருந்தாய். முதல் அறை நிரம்பும் அளவுக்கு நீளமான வண்டி வந்தால்தான் இரண்டாவது அறைக்கு வேலை. ஒப்பிடும் நிரல் ஒரு அறையைப் படித்துவிட்டு அடுத்ததைப் படிப்பதற்குள், சரியாக அந்த இடைவெளியில், முதல் அறையை நிரம்பி வழியச்செய்யும் சக்கரம் வந்து மணி அடித்திருக்கிறது. டிரைவர் ஓடிவந்து ஒழுங்காகத்தான் எண்ணியது. ஆனால் பாதி பழைய எண்ணும் பாதி புதிய எண்ணும் சேர்ந்து பூஜ்யமாகிவிட்டன. உள்ளே போனது பூஜ்யம், வெளியே வந்ததும் பூஜ்யம். லைன் காலி. அடுத்த தடவை படிக்கும்போது சரியாகிவிடும். அதனால்தான் சிமிட்டலோடு போயிற்று. ஆனால் நெம்புகோலின் பூட்டு விடுபட அந்தச் சிமிட்டல் போதும்.

நீ சக்ரவர்த்தி சாரிடம் போய்ச் சொன்னாய். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாராம். பிறகு, "திருத்திவிட்டாய் அல்லவா? புதிய சிப்பைப் போட்டுவிடு. அதிகாரியிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டாராம். "சொல்லாம குடுத்தா நான் வேலைய விட்டுருவேன் சார்" என்று நீ சொன்னதை, அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

அதிகாரி வந்த நாளில் கேபினில் நிற்க இடமில்லை. அவரும் அவர் ஆட்களும், உன் கம்பெனிக்காரர்கள், மூலையில் நான். அன்றைக்காக ஒரு நெம்புகோலில் பூட்டையும் இணைத்து வைத்திருந்தீர்கள். நீ மேஜைமேல் சின்னப் பெட்டி ஒன்றை வைத்தாய். நிஜச் சக்கரங்களுக்குப் பதிலாக அதுவே மணி அடிக்கும்.

"சார், முதல்ல ஒரு தப்பைக் காட்டப்போறேன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாய். சக்ரவர்த்தி சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ அதன் குமிழைத் திருகினாய். சிவப்பு. சிவப்பு. நீளமான ஒரு வண்டி உள்ளே வருவதுபோல எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. எந்தச் சக்கரம் எந்தக் கணத்தில் வர வேண்டும் என்று நீ குறிவைத்திருந்தாய். "இப்ப பாருங்க" என்றாய்.

பச்சை சிமிட்டியது. நெம்புகோலின் பூட்டு ‘டக்’ என்று விடுபட்டது.

ரயில்வேக்காரன் எவனுக்கும் அந்த ‘டக்’ என்ன என்று சொல்லத் தேவையில்லை. நிற்கும் வண்டிமேல் இன்னொரு வண்டியை விடலாம் என்கிற சத்தம் அது.

பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பழைய சிப்பைக் கழற்றி, புதியதைப் பொருத்தினாய். எண்ணைப் படிக்கும் அந்தத் துளி நேரத்துக்கு மட்டும் இன்டரப்டுகளுக்குக் கதவைச் சாத்துவது, படித்து முடித்ததும் திறந்துவிடுவது. அவ்வளவுதான் திருத்தம். அதிகாரி விடவில்லை.

"கதவு சாத்தியிருக்கும்போது சக்கரம் வந்தால்? எண்ணாமல் போய்விடாதா?"

"போகாது சார். வந்த அடையாளம் வாசல்லயே நிக்கும். திறந்ததும் முதல் வேலையா அதை எண்ணும். அடுத்த சக்கரம் வர்றதுக்கு எவ்வளவு வேகமான வண்டியா இருந்தாலும் இதைவிட ரொம்ப நேரம் ஆகும்."

நீ திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினாய். அவர்களும் ஆள் மாற்றி ஆள் திருகிப் பார்த்தார்கள். பச்சை வரவே இல்லை. கடைசியில் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இதுபோல இன்னொரு தப்பு உள்ளே இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும், மிஸ்?"

"எனக்கும் தெரியாது சார்" என்றாய். "அதனால இன்னைக்கு இதை ஏத்துக்காதீங்க. இன்னும் தயாராகல. ஒரு மழைக்காலம் முழுக்க ஓடட்டும்."

உன் கம்பெனிக்காரர்களின் முகங்களை நான் பார்த்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "தன் கருவியை வாங்காதே என்று சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். மழைக்காலம் முடிந்து வருகிறேன். வேறு யாருடைய கருவியையும் அதுவரை பார்க்க மாட்டேன்."

அந்த மழையை மறக்க முடியுமா? யார்டில் தண்டவாளமே தெரியாமல் தண்ணீர் நின்றது. நீ முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடையை எவனிடமோ கொடுத்துவிட்டு, தண்ணீருக்குள் நின்று உணர்கருவியைத் தடவிப் பார்த்தாய். யார்டில் வேலை செய்த கலாசிகள் "தொமொயந்தி-தி, மேலே வாருங்கள்!" என்று கத்தினார்கள். தமயந்தி என்று சரியாகச் சொல்ல அவர்களுக்குக் கடைசிவரை வரவில்லை. உனக்கும் அதில் வருத்தமில்லை.

பூஜை விடுமுறை முடிந்ததும் கருவியை ஏற்றுக்கொண்டார்கள். விழா எதுவும் இல்லை. ஜன்னலைப் பார்ப்பதற்கு முன்னால் உன் விளக்கைப் பார்த்து, அதை நம்பி முதல் வண்டியை உள்ளே விட வேண்டியவன் நானாக அமைந்தது என் பாக்கியம். பச்சை எரிந்தது. நெம்புகோலில் கை வைத்தேன். இழுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

பின்னாலிருந்து உன் குரல். "என்னலே, ஜன்னலைப் பாக்கே? நான் இங்கனதான நிக்கேன். இழு."

இழுத்தேன். வண்டி வந்தது, நின்றது. நீ படியிறங்கிப் போய்விட்டாய். கீழே தண்ணீர்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்ததை மேலேயிருந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு வந்த நோயைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது உன் கதையில் சின்னப் பகுதிதான். சக்ரவர்த்தி சார் ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தார். கடைசி நாளில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் பெண் என்னை ஒரு பெரிய பாவத்திலிருந்து இழுத்துப் போட்டாள்" என்றார். அம்மாவுக்கு அவர் வங்காளம் முழுதும் புரிந்தது.

நேற்று கடைசி லைனில் பொருத்தும்போது அவரும் வந்திருந்தார். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த எஞ்சினியர் பெண் ஒருத்தி உன் நிரலைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இங்கே ஏன் இன்டரப்டை நிறுத்துகிறோம் சார்? இதை எடுத்துவிட்டால் இன்னும் வேகமாக ஓடுமே" என்றாள். அவர் அவளைத் திட்டவில்லை. "அந்த வரியைத் தொடாதே, அம்மா. அதற்குப் பின்னால் ஒரு சரக்கு வண்டி நிற்கிறது" என்றார். அவள் விழித்தாள். அவளை உட்கார வைத்து, நான் முழுக் கதையையும் சொன்னேன். ரசித்துச் சொன்னேன் அக்கா, கொஞ்சம் அலட்டலாகக்கூட.

அடுத்த மாதம் எனக்குக் கரக்பூருக்கு மாற்றல். அம்மாவும் என்னோடு வருகிறாள். அங்கேயும் உன் கருவி வரப்போகிறது. அதில் கம்பெனியின் பெயர் இருக்கும், உன் பெயர் இருக்காது. பரவாயில்லை, நான் இருக்கிறேன். இதைச் செய்தது யார் என்று எவன் கேட்டாலும், கெட்டிக்காரி ஒருத்தி செய்தாள் என்று சொல்லி நிறுத்த மாட்டேன். எல்லோரும் தயார் என்று சொன்ன நாளில், இன்னும் தயாராகவில்லை என்று எழுந்து நின்று சொன்னவள் செய்தாள் என்று சொல்வேன். உன் முழுப் பெயரையும் சொல்வேன். அதை அவர்கள் சரியாக உச்சரிக்கும்வரை விடமாட்டேன். இது சத்தியம்.

தமயந்தியின் தம்பி என்பதைத் தவிர வேறு பட்டம் எதுவும் வேண்டாத,
உன் சங்கரன்