துணி கட்டிய புடலங்காய்

முதலியார்பேட்டை,
20.7.2025

அன்புள்ள அமுதவல்லிக்கு,

தணிகாசலம் எழுதுவது. இங்கு நான் சுகம். காரைக்காலில் நீயும் உன் தம்பி வெற்றிவேல் குடும்பமும் சுகமாக இருக்க வேண்டும். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. வெற்றிவேல்தான் எடுத்து, "அக்கா குளிச்சிகினு இருக்குது மாமா" என்கிறான். காலையிலும் குளியல், மத்தியானமும் குளியல், சாயங்காலமும் குளியல். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

மாங்கனித் திருவிழா பார்த்துவிட்டு நாலே நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. திருவிழாவுக்குப் போட்ட பந்தலைக்கூடப் பிரித்திருப்பார்கள்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. நீ கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை டிவியில் தோட்டத்து நிகழ்ச்சியில் நம் மொட்டைமாடியைக் காட்டினார்கள், உன் முகம் வரவில்லை. அதுதானே? டிவிக்காரர்கள் மூன்று மணி நேரம் பிடித்ததை இருபத்தைந்து நிமிஷமாக வெட்டினார்கள். நீ டீ கொண்டுவந்த இடமும் அதில் போய்விட்டது. கத்தரிக்கோல் என் கையிலா இருந்தது? அந்த இனியவன் பையன், நிகழ்ச்சியை நடத்துகிறவன், என் கழுத்தில் பச்சைத் துண்டைப் போட்டு, "ஐயா, நீங்க சும்மா பேசுங்க" என்றான். பேசினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

வீட்டம்மா உதவி செய்வாங்களா என்று அவன் கேட்டதற்கு, "அவங்களுக்கு மண்ணு தொட்டாலே ஆகாது, அடுப்படியோட சரி" என்று சொன்னேன். அது விளையாட்டுக்குச் சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

நிகழ்ச்சி வந்ததிலிருந்து டீக்கடையில் எனக்கு பெஞ்சில் இடம் விடுகிறார்கள். என்னோடு மில்லில் தறி ஓட்டிய இருசப்பன் அரியாங்குப்பத்திலிருந்து போன் செய்து, "இன்னாடா தணிகா, சொல்லவே இல்லியே" என்று ஒரே சந்தோஷம். மில்லை மூடியதிலிருந்து ஒரு மனுஷன் என்னிடம் ஒரு விஷயம் கேட்டதில்லை அமுதவல்லி. இப்போது முன்பின் தெரியாதவர்கள்கூட வெண்டைக்கு என்ன போடுவது என்று கேட்கிறார்கள். அதை நீ கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கத்தரிச் செடிகள் கொஞ்சம் வாடிக் கிடக்கின்றன. வெயில் அதிகம். வேப்பம் பிண்ணாக்கை எங்கே வைத்தாய் என்று எழுது. இல்லை, நேரிலேயே வந்து எடுத்துக் கொடு. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் உன்னை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் கணவன்,
தணிகாசலம்.


முதலியார்பேட்டை,
17.8.2025

அன்புள்ள அமுதவல்லிக்கு,

நீ பதில் போடவில்லை. வெள்ளிக்கிழமை நாலு வந்து போய்விட்டன. போன கடிதத்தில் அதிகாரமாக எழுதிவிட்டேன். இதை அப்படி எழுத மாட்டேன். பாதியில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

தோட்டம் போய்விட்டது. கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாம் போய்விட்டன. புடலைப் பந்தலில் காய்ந்த கொடிதான் தொங்குகிறது. வெயில் என்று எழுதியிருந்தேனே, வெயில் இல்லை. நான்தான்.

செடிகள் வாடியதும் மீன் கழிவை ஊறவைத்து நீ உரமாக ஊற்றும் மீன் அமிலத்தை ஊற்றலாம் என்று நினைத்தேன். மாடிப்படிக்கு அடியில் நீ மூடி வைத்திருந்த டப்பாவை எடுத்தேன். எவ்வளவு ஊற்றுவது என்று தெரியவில்லை. உடனே போனைத் திறந்து அந்த நிகழ்ச்சியைப் போட்டுப் பார்த்தேன். அதில் நான் துண்டும் கையுமாக நின்று, "ஒரு லிட்டர் தண்ணிக்கு அரை டம்ளர்" என்று அடித்துச் சொல்கிறேன். சொன்னவன் நான். அன்றைக்கு வாயில் வந்ததைச் சொன்னவன் நான். அதைப் பார்த்து நானே நம்பினேன். அவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறவன் தப்பாகவா சொல்வான் என்றுதான் தோன்றியது. அரை டம்ளர் கணக்கில் எல்லாத் தொட்டிக்கும் ஊற்றினேன். மூன்றாம் நாள் இலையெல்லாம் ஓரத்திலிருந்து கருக ஆரம்பித்தது. இருமல் மருந்து பாட்டிலின் மூடி ஒன்று அந்த டப்பாவில் நூல்போட்டுக் கட்டியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். ஒரு மூடிதான் உன் அளவு, இல்லையா? எத்தனை வருஷம் அந்த மூடி என் கண்முன்னால் தொங்கியிருக்கும்.

புதிதாக மீன் அமிலம் போட்டு வைக்கலாம் என்று தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போனேன். மீன் வெட்டும் வீராயியிடம் தலையும் செதிலும் கேட்டேன். அவளும் நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறாள். கத்தியைக் கீழே வைக்காமலே, "பன்னெண்டு வருசமா எங்கிட்ட வாளி தூக்கிகினு வந்தது அந்தக்கா. உன்ன நான் ஒரு நாளும் பாத்ததில்லியே. அக்கா வரட்டும், குடுக்குறேன்" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் வாளியோடு திரும்பி வந்தேன்.

அதைவிடப் பெரிய அடி போன செவ்வாய்க்கிழமை விழுந்தது. உழவர்கரையிலிருந்து செல்வாம்பாள் என்று ஓர் அம்மா விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார். கையில் கேரி பேக்கில் ஒரு கருகின தக்காளிச் செடி. "நீங்க டிவில சொன்ன அளவுதான் ஊத்துனேன் சார், இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லுங்க" என்றார். மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். சுற்றிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒன்று சொன்னார். "நீங்க துணி கட்டுன புடலங்காய அறுத்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்திச்சி. வெதைக்கு விட்ட காய தோட்டக்காரன் அறுப்பானா? நான்தான் டிவில காட்டுறாங்களேன்னு நம்பிட்டேன்."

அவர் போனதும் அந்த இடத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இனியவன், "நல்லா பெருசா ஒண்ணு அறுங்க ஐயா" என்கிறான். இருப்பதிலேயே பெரியதாக, அடியில் கல் தொங்க, காம்பில் உன் சிவப்புப் புடவைக் கிழிசல் கட்டிய காயை நான் பிடிக்கிறேன். துணி எதற்கு என்றுகூட யோசிக்கவில்லை. அழகுக்குக் கட்டினாய் என்று நினைத்தேனோ என்னவோ. அறுக்கும்போது திரையின் ஓரத்தில் ஒரு கை உள்ளே வருகிறது. வந்து, பாதியில் நின்று, திரும்பிப் போகிறது. உன் கை. விரல் வெடிப்பும் நகக்கண்ணில் மண்ணும் நன்றாகத் தெரிகின்றன. அடுத்த நிமிஷம்தான் உனக்கு மண் தொட்டால் ஆகாது என்று நான் சொல்கிறேன்.

நீ சிரிக்கவில்லை அமுதவல்லி. இப்போது ஞாபகம் வருகிறது. டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாய்.

அந்த விதை பாகூரில் உன் அம்மா முந்தானையில் முடிந்து கொடுத்தனுப்பியது. வருஷம் தவறாமல் ஒரு காயை விட்டு, விதை எடுத்து, சாம்பலில் புரட்டி வைப்பாய். உன் அம்மா இறந்துபோன வருஷம்கூட விடவில்லை. இந்த வருஷத்துக் காயை இனியவனுக்கு அன்பளிப்பாக நான் தூக்கிக் கொடுத்தேன். திருப்பி வாங்கலாம் என்று அவர்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன். "அது முத்தல் காய் சார், சமைக்க முடியல, அன்னிக்கே குப்பையில போட்டாங்க" என்றார்கள். போன வருஷத்து விதை மிச்சம் இருக்கிறதா என்று பரணில், அடுக்களையில், உன் டிரங்குப் பெட்டியில் எல்லாம் தேடிவிட்டேன். சாம்பல் டப்பாதான் இருக்கிறது, அதில் சாம்பல்தான் இருக்கிறது.

ஏன் அப்படிப் பேசினேன் என்று கேட்பாய். மில்லை மூடின பிறகு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். நீ இருபத்திரண்டு படி, வாளி வாளியாக மண் சுமந்து ஏறினாய். படிக்கட்டில் உன் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கும். எழுந்து வரவில்லை. அன்றைக்கு கேமராவைப் பார்த்ததும், இருசப்பன் பார்ப்பான், மில் ஆட்கள் பார்ப்பார்கள், இவனும் ஒன்றைச் செய்திருக்கிறான் என்று நினைப்பார்கள் என்று ஆசை வந்துவிட்டது. உன்னுடையதை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். இவ்வளவுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

இப்படிக்கு,
தணிகாசலம்.


முதலியார்பேட்டை,
28.9.2025

அமுதவல்லிக்கு,

வெற்றிவேல் மகள் பாக்யலட்சுமி போனில் ஸ்டேட்டஸ் போடுகிறாள். நீ சொல்லி அவள் போடவில்லை என்று தெரியும். என் நம்பரை எடுத்துவிட மறந்திருப்பாள். அவளைத் திட்டாதே. உன்னை நான் பார்ப்பது அதில் மட்டும்தான்.

ஜூலை கடைசியில் கொல்லையில் நீ கீரை விதைத்திருந்தாய். எனக்கு ஒரே நிம்மதி. கீரை என்றால் இருபத்தைந்து நாள், பறித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள் என்று காலண்டரில் கோடு போட்டேன். ஆகஸ்டில் கத்தரி நாற்று நட்டிருந்தாய். கத்தரிக்கு ஐந்து மாதம், பொங்கல் வரைக்கும் ஆகும், பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். போன வாரம் மாங்கன்று. திருவிழாவில் வீசிய பழம் உன் மடியில் விழுந்ததாம், அந்தக் கொட்டையை முளைக்கப் போட்டாயாம், கிணற்றடியில் குழி வெட்டி நட்டு முள் கட்டியிருக்கிறாய். கொட்டை போட்ட மாமரம் காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்போது எனக்கு எழுபது ஆகிவிடும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு காலண்டரில் கோடு போடுவதை விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு மறுபடியும் நம் தோட்டத்துக்கு வர வேண்டும் என்று இனியவன் போன் செய்தான். தோட்டம் என் மனைவியுடையது, நான் ஒரு செடிகூட வைத்ததில்லை, இருந்ததையும் நானே கருக்கிவிட்டேன் என்று சொன்னேன். அதையே படம் பிடித்துப் போடு என்றும் சொன்னேன். அவன், "சரி சார், நாங்க வேற தோட்டம் பாத்துக்குறோம்" என்று வைத்துவிட்டான். பழைய நிகழ்ச்சி யூடியூபில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. எடுத்துவிடச் சொன்னேன், முடியாதாம். இது அமுதவல்லியின் தோட்டம், அந்த அளவு தப்பு, ஒரு மூடிதான் ஊற்ற வேண்டும் என்று அதன் கீழே எழுதினேன். முதல் நாள் மூன்று பேர் லைக் போட்டார்கள். இப்போது அது எங்கேயோ அடியில் போய்விட்டது, தேடினால் எனக்கே கிடைக்கவில்லை. மேலே நான்தான் துண்டு போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறேன்.

டீக்கடைக்கு இப்போது போவதில்லை. இருசப்பனிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன், "எனக்குத் தெரியும்டா, நீ மில்லுலயே அந்துபோன நூல ஒழுங்கா முடிய மாட்ட" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் களைக்கொத்தை இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். அங்கே வேறு யாருடைய கொத்தையோ வைத்து வேலை செய்வது படத்தில் தெரிந்தது. இதன் பிடி உன் கைக்குத் தேய்ந்தது, என் கைக்குப் பொருந்தவில்லை. அனுப்பினால் நீ அங்கேயே இருந்துவிடுவாய் என்று ஒரு வாரம் அனுப்பாமல் வைத்திருந்தேன். கை நோகுமே என்று இப்போது அனுப்புகிறேன். விரல் வெடிப்புக்குப் போடும் களிம்பும் வைத்திருக்கிறேன்.

தொட்டிகளையெல்லாம் கவிழ்த்து அடுக்கிவிட்டேன். கறிவேப்பிலை மட்டும் நிற்கிறது. ஓர் இலை இல்லை, வெறும் குச்சி. பட்டுப்போனதா இல்லையா என்று நீ நகத்தால் தண்டைக் கீறிப் பார்ப்பாயே, உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்பாயே, அது எனக்குத் தெரியும். தோட்டத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆனால் நான் கீறவில்லை. தினமும் காலையில் பக்கத்தில் போய் உட்காருகிறேன், விரலை வைக்கிறேன், எடுத்துவிடுகிறேன். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கி வந்துவிடுகிறேன்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. உன் மாங்கன்று நன்றாக வேர் பிடிக்கட்டும். அதை மனசாரச் சொல்கிறேன். என்றைக்காவது இந்தப் பக்கம் வந்தால், ஒரு நிமிஷம் மாடிக்கு ஏறி, அந்தத் தண்டை உன் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
மண்ணைத் தொடத் தெரியாத
தணிகாசலம்.