கவிதாவின் விலா வலி

புதன்கிழமை, ஹடப்சர்.

மருமகள் கவிதாவுக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். பால் ஊறவில்லை என்று பவுடர் பால்தான் கொடுக்கிறாள். இன்று தலைக்கு ஊற்றப் போனேன். ஜாக்கெட் பாலில் நனைந்திருந்தது. மார்புக்குக் கீழே, விலாவில், மஞ்சளாகக் கன்றிய தடம்.

"குழந்தையை அணைச்சா வலிக்குது அத்தை. போன மாசம் பீரோவுல இடிச்சுக்கிட்டேன்." என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மகனிடம் கேட்டேன். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா" என்றான் சட்டென்று.

இவன் என் வயிற்றில் இருந்தபோது நானும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் படுக்கையை ஹாலில் போட்டுவிட்டேன். கவிதாவை வலிக்காத பக்கமாக ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுக்கச் சொன்னேன். குழந்தை குடித்தது. அவள் அழுதாள். நாளைக்கு டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். அவன் வரவேண்டாம்.