நாற்பத்திரண்டு பெயர்கள்

ஆம்பூர்,
4 மார்ச் 1934
சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி சவரிராயனுக்கு,

நலம். மூட்டு வலி மட்டும் விட்டபாடில்லை. முப்பத்தைந்து வருடமாக ஆஸ்திரேலியாவில் வாத்தியாராக இருக்கிறாய். இன்னும் உன் கடிதங்களில் தேதி இல்லை.

மன்னருக்கு நீ எழுதிய மனுவின் ஆங்கிலத்தைத் திருத்தி, என் கையாலேயே நல்ல பிரதி எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அந்த மண்ணின் பூர்வகுடிகளிடமிருந்து பெண்பிள்ளைகளை அரசாங்கமே பிடுங்கிக்கொண்டுபோய் வீட்டு வேலைக்கு விடுகிறது என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் கீழே கையெழுத்துக்குப் பதிலாக என்ன அது, நாற்பத்திரண்டு பெருக்கல் குறிகள்? இங்கே தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து போகும் தோல் கட்டுகூட முதலாளி பெயரோடுதான் கப்பல் ஏறுகிறது. பெயரில்லாதவர்களுக்கு எந்த மன்னர் பதில் சொல்வார்? எழுதக் கற்றுக்கொடு. பிறகு அனுப்பு.

ஷாப் கணக்கர் அப்துல் வஹீத் சிரிக்கிறார். "இன்னாம்மா, உங்க தம்பி ராஜாவுக்கே காயிதம் போட்றாரா? நம்ம தாசில்தாருக்குப் போட்டதுக்கே மூணு வருசமா ஜவாப் இல்லே!"

இப்படிக்கு,
ம. லூர்தம்மாள்

19 செப்டம்பர் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

தேதி போட்டிருக்கிறேன், பாருங்கள்.

பெயர்களை நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். பூர்வகுடிகளின் இந்தக் குடியிருப்புக்கு அரசாங்கம் வைத்திருக்கும் மேனேஜர் பொல்லாதவன். யார் யார் கேட்டார்கள் என்று தெரிந்தால் சும்மா விடமாட்டான். ஆனாலும் உங்கள் கடிதத்தைக் குறி போட்டவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பெஸ்ஸி என்றொரு கிழவி. அவள் மகள் ஆடாவை அரசாங்கம் கொண்டுபோய் நான்கு வருடமாகிறது. "உன் அக்கா சொல்றது சரி. கேட்டது நான்தான்னு ராஜாவுக்குத் தெரியட்டும்" என்றாள்.

எழுதக் கற்றுக்கொள்ள ஐந்து மாதம் பிடித்தது. பெஸ்ஸி எழுதும்போது மை சிந்திவிட்டது. உங்கள் பிரதியில் ஒரு கறை. மன்னித்துவிடுங்கள். நாற்பத்திரண்டு பேரும் பெயர் எழுதிவிட்டார்கள். மன்னருக்கு அனுப்பிவைக்கச் சொல்லி நேற்று தலைநகருக்குத் தபாலில் சேர்த்தோம்.

தங்கள் தம்பி,
சவரிராயன்

2 பிப்ரவரி 1935

அக்கா,

மனு லண்டன் போகவேயில்லை. தலைநகர் அலுவலகம் அதை மேனேஜரின் அபிப்பிராயம் கேட்டு இங்கேயே திருப்பி அனுப்பிவிட்டது.

குடியிருப்பில் எல்லாருக்கும் படியாக மாவும் தேயிலையும் அளந்து கொடுக்கும் நாளில் அவன் அதை எல்லார் முன்னும் விரித்தான். "நல்ல கையெழுத்து. தேடவே வேண்டியதில்லை" என்று சொல்லி ஒவ்வொரு பெயராக வாசித்தான். பெயர் வந்தவர்களுக்கு மாவு இல்லை. மற்றவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தன் பெயர் வந்தபோது பெஸ்ஸி மட்டும் எழுந்து நின்றாள்.

பதினாறு குடும்பங்களை ஆற்றுக்கு அப்பால் விரட்டிவிட்டார்கள். என் பள்ளிக்கூடத்தைப் பூட்டியாயிற்று. ஆடா எங்கே இருக்கிறாள் என்பதைக்கூட இனிச் சொல்லமாட்டார்களாம்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பெயர்களை வாங்கி அனுப்பியவன் நான். அவர்களோடு நானும் போகிறேன். இனி எனக்கு விலாசம் இல்லை.

சவரி

ஆம்பூர்,
11 ஆகஸ்ட் 1935

தம்பி,

சென்ற முறை எழுதியது 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது. வேறு விலாசம் தெரியாததால் இதையும் அங்கேயே போடுகிறேன்.

அப்துல் வஹீத் இப்போது சிரிப்பதில்லை. "காயிதம் வந்துச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுகிறார்.

நான் சொன்னதில் தவறில்லை என்று தினமும் காலையில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பெயர் போடாமல் கேட்பது கேட்பதாகாது. ஆனாலும் உனக்கு எழுதுவதைத் தவிர வேறெதற்கும் பேனாவைத் தொட முடியவில்லை. கோவிலில் பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்பவர்களின் பெயர் எழுதும் வேலையையும் விட்டுவிட்டேன்.

பெஸ்ஸி சாப்பிடுகிறாளா? அதை மட்டும் எழுது. தேதி போடாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா