உனக்கு வந்ததும் நோய்தான், அக்கா

என் உயிர் செல்விக்கா,

எனக்கும் பிள்ளை பிறந்திருக்கிறது. ஆண். உன்னிடம் சொல்ல வேண்டியது அது மட்டுமில்லை.

பிரசவத்துக்கு நீ அரியக்குடிக்கு, நம் வீட்டுக்கு வந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். மீனா பிறந்த கொஞ்ச நாளிலேயே உன் பேச்சு குறைந்துவிட்டது. பிள்ளை வீறிட்டாலும் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாய். ஒருநாள் அம்மா பத்தியச் சோறு கொண்டுவந்து வைத்தபோது சொன்னாய்: "பிள்ளையைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணலம்மா. நான் இல்லாட்டி அது நல்லா இருக்கும்."

"பெத்தவ பேசுற பேச்சாடி இது? மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன நெனைப்பாக?" என்றாள் அம்மா. திருநீறு பூசினாள். வேப்பிலை அடிக்க ஆள் கூட்டிவந்தாள். நீ வேண்டாமென்றுகூடச் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் உன் உயிரை நீயே முடித்துக்கொண்டாய்.

அம்மாவுக்கு உன்மேல் பாசம் இல்லையா? அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அக்கா.

போன மாதம் எனக்கும் அப்படியே ஆனது. பால் கொடுக்கும்போது கண்ணீர் தானாக வழியும். மடியில் கிடப்பது யார் பிள்ளையோ என்றிருக்கும். "முடியலம்மா, எங்குட்டாவது போயிரலாம் போல இருக்கு" என்றேன்.

அம்மா திட்டவில்லை. அடுப்பை அணைத்தாள். பிள்ளையைத் தோளில் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு காரைக்குடி பஸ் ஏறினாள். "மூத்தவளைப் பறிகொடுத்துட்டேன். இவளைக் காப்பாத்திக் குடுங்கம்மா" என்று டாக்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு வர்ற மனச்சோர்வும்மா. இதுவும் நோய்தான். குணப்படுத்தலாம்."

"அப்ப என் மூத்தவளுக்கும் இதானா?"

டாக்டர் தயங்கினார். "இருந்திருக்கலாம்மா."

திரும்பி வரும்போது அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மாத்திரை சாப்பிடுகிறேன். சில நாள் தேவலை. சில நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. அம்மா என்னைத் தனியே விடுவதில்லை.

நம்மிடம் வளரும் உன் மீனா இப்போது எட்டாவது படிக்கிறாள். "சித்தி, எங்கம்மாவுக்கு என்னையப் பிடிக்கலையா?" என்று போன வாரம் கேட்டாள். யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். நம்பினாளா? தெரியவில்லை.

அவள் நம்பும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன், அக்கா. அதற்காகவாவது நான் இருப்பேன்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி வள்ளி